ராக்கெட் விழுந்த பிறகு என்ன நடக்கிறது? ஜி.எஸ்.எல்.வி. மீண்டெழுந்த கதை

ஒரு ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தால், மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்தில் புகைமண்டலத்தின் படம் வரும். சில ஆண்டுகள் கழித்து அதே ராக்கெட் ஒழுங்காக மேலே போனால், கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் படம் வரும். இந்த இரண்டு படங்களுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். விண்வெளித் துறையில் இந்த வேலையை ‘மீண்டும் பறத்தல்’ என்பார்கள். விழுந்த காரணத்தைக் கண்டுபிடிப்பது, திருத்துவது, திருத்தம் சரிதானா என்று தரையில் சோதிப்பது, பிறகு மறுபடி ஏவுவது என எல்லாம் அதில் அடங்கும்.

உதாரணத்துக்கு இந்தியாவின் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 2010-ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு முறை விழுந்த ராக்கெட் அது. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் பறக்கவே இல்லை. 2014 ஜனவரியில் எழுந்தது. இஸ்ரோ வட்டாரத்தில் அதற்குக் ‘குறும்புப் பையன்’ என்று பட்டப்பெயரே உண்டு.

அந்த ராக்கெட் எதற்கு?

தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு, வானிலை ஆகியவற்றுக்கான செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். அந்த உயரத்தில் ஒரு சுற்று சுற்ற ஒரு நாள் ஆகும். அதனால் கீழிருந்து பார்த்தால் செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். வீட்டு மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனாவை ஒரே திசையில் திருப்பி வைத்தால் போதும் என்பது இதனால்தான்.

இந்தியாவின் நம்பகமான ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி.க்கு இவ்வளவு கனத்தை அவ்வளவு தூரம் தூக்கும் தெம்பு இல்லை. பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்களைச் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் விடுவதற்காகச் செய்யப்பட்டது அது. இரண்டு டன் எடையுள்ள தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் என்றால், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்துக்குக் கொண்டுபோய், ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டில் காசு கொடுத்து ஏற்றிவிட வேண்டியிருந்தது. இன்சாட் வரிசையில் பல செயற்கைக்கோள்கள் அப்படித்தான் போயின.

இந்தச் செலவையும் சார்பையும் விட வேண்டுமானால் தேவைப்பட்டது கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களை எரிக்கும் எஞ்சின். எரிபொருள் திரவ ஹைட்ரஜன். அதை எரிக்க உதவுவது திரவ ஆக்சிஜன். சாதாரண திரவ எஞ்சினோடு ஒப்பிட்டால், ஒரு கிலோ எரிபொருளுக்கு இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உந்துவிசை தரும். ராக்கெட்டின் உச்சியில் இருக்கும் கடைசி அடுக்கில் மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் செயற்கைக்கோளுக்குப் போய்ச் சேரும் என்பதால், இந்த ஒன்றரை மடங்குக்கு அவ்வளவு மதிப்பு.

கஷ்டம் எங்கே இருக்கிறது என்றால், ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில்தான் திரவமாக இருக்கும். ஆக்சிஜனுக்கு மைனஸ் 183. குழாய்க்குள் கொஞ்சம் காற்று தங்கியிருந்தாலும் திரவ ஹைட்ரஜனின் குளிரில் அந்தக் காற்றே உறைந்து கல்லாகிவிடும். ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனின் எடை வெறும் 71 கிராம். இவ்வளவு லேசான திரவத்தைப் போதிய அளவில் எஞ்சினுக்குத் தள்ள, நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும் பம்ப் வேண்டும். பம்பின் ஒரு முனையில் உயிரை உறையவைக்கும் குளிர், மறுமுனையில் அதைச் சுற்றவைக்கும் சூடான வாயு. நடுவே இருப்பது ஒரே ஒரு தண்டு. இந்தத் தண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முக்கிய இடம் இதுதான்.

பூட்டிய கதவு

1991 ஜனவரியில் அப்போதைய சோவியத் ரஷ்யாவின் கிளாவ்கோஸ்மோஸ் நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. எஞ்சின்களோடு, அதைச் செய்யும் தொழில்நுட்பமும் வரும் என்பது பேச்சு. 1992 மே மாதம் அமெரிக்கா இரண்டு நிறுவனங்கள் மீதும் தடை விதித்தது. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவுவதைத் தடுக்கும் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை இது மீறுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். எரிபொருள் நிரப்பவே பல மணிநேரம் பிடிக்கும் எஞ்சினை வைத்து யாரும் ஏவுகணை செய்வதில்லை என்ற பதிலுக்கு அங்கே காது இல்லை. 1993-இல் ரஷ்யா பின்வாங்கியது. கடைசியில் கிடைத்தது 7 ஆயத்த கிரையோஜெனிக் அடுக்குகள். எப்படிச் செய்வது என்ற அறிவு அவற்றோடு வரவில்லை.

1994-இல் இன்னொரு அடி. இஸ்ரோவின் திரவ எஞ்சின் பிரிவில் முக்கியப் பொறுப்பில் இருந்த நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். 1996-இல் குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று சி.பி.ஐ. அறிக்கை தந்தது. 2018-இல் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். இந்த வழக்கு இல்லாவிட்டால் இந்திய கிரையோஜெனிக் எஞ்சின் பல ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. இருக்கலாம். ஒரு மனிதருக்கு நடந்த அநியாயம் அது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2010-இல் ராக்கெட் விழுந்ததற்கான விடையைச் சதியில் தேடினால் கிடைக்காது. உலோகத்திலும் ஒயரிலும் தேட வேண்டியிருந்தது.

இந்தியா தானே எஞ்சின் செய்யத் தொடங்கியது 1994-இல். அதற்குள் ரஷ்ய அடுக்குகளை வைத்து ஜி.எஸ்.எல்.வி. பறக்கத் தொடங்கியது. முதல் முயற்சி 2001 மார்ச் 28. கிளம்ப வேண்டிய நொடியில் பக்கவாட்டு எஞ்சின்களில் ஒன்று போதிய விசை தரவில்லை என்று கணினி கண்டுபிடித்து நிறுத்திவிட்டது. அடுத்த மாதம் 18-ஆம் தேதி பறந்தது, ஆனால் செயற்கைக்கோள் சேர வேண்டிய பாதையை முழுமையாக எட்டவில்லை. 2003, 2004 பயணங்கள் வெற்றி. 2006-இல் பக்கவாட்டு எஞ்சின் ஒன்று கெட்டதால் ராக்கெட்டை வானிலேயே அழிக்க வேண்டியதாயிற்று. 2007 பயணமும் குறையில்லாமல் முடியவில்லை.

இதற்கிடையே திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி அடிவாரத்தில், சொந்த எஞ்சினின் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. 2007 நவம்பர் 15-ஆம் தேதி அங்கே முழு கிரையோஜெனிக் அடுக்கும் 720 நொடிகள் தொடர்ந்து எரிந்தது. வானத்தில் எவ்வளவு நேரம் எரிய வேண்டுமோ அவ்வளவு நேரம். தரையில் தேர்வு எழுதியாகிவிட்டது, இனி வானம்தான் பாக்கி என்று எல்லோரும் நினைத்ததில் தப்பில்லை.

2010: ஏப்ரலும் டிசம்பரும்

2010 ஏப்ரல் 15. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. டி3 கிளம்பியது. உச்சியில் இந்தியாவில் செய்த கிரையோஜெனிக் அடுக்கு, அதற்கும் மேலே ஜிசாட்-4 செயற்கைக்கோள். முதல் 293 நொடிகள் எந்தக் குறையும் இல்லை. கீழ் அடுக்குகள் தம் வேலையை முடித்துக் கழன்றன. கிரையோஜெனிக் அடுக்கு பொறுப்பேற்க வேண்டிய நேரத்தில் திரையில் கோடு வளைந்து கீழே இறங்கத் தொடங்கியது. ராக்கெட் நிலைதடுமாறிக் கடலில் விழுந்தது.

டிசம்பர் 25. ஜி.எஸ்.எல்.வி. எஃப்06. இந்த முறை உச்சியில் ரஷ்ய அடுக்கு. அதில் ஒரு வால்வு கசிந்ததால் 20-ஆம் தேதி கிளம்ப வேண்டியதை ஐந்து நாள் தள்ளிவைத்திருந்தார்கள். 47 நொடிகள் வரை நேராகப் போன ராக்கெட் பக்கவாட்டில் சாய்ந்து உடைந்தது. அழிப்புக் கட்டளை கொடுக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் மாலையில் தொலைக்காட்சியில் நேரலையாக ஓடிய காட்சி அது.

எட்டே மாதத்தில் இரண்டு. இரண்டும் வேறு வேறு இடத்தில் கெட்டவை என்பதுதான் அதிகக் கவலை தந்த விஷயம். ஒரே பாகம் இரண்டு முறை கெட்டால் அதை மாற்றிவிட்டுப் போகலாம். வேறு வேறு பாகம் கெட்டால் இன்னும் எங்கெங்கே என்ன இருக்கிறதோ என்ற பயம் வந்துவிடும்.

கடலில் விழுந்ததை எப்படி ஆராய்வது?

புதிதாகப் படிப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. உடைந்த துண்டுகளைக் கடலடியிலிருந்து எடுத்து வருவார்களா? பெரும்பாலும் இல்லை. தேவையான சாட்சியம் ராக்கெட் விழுவதற்கு முன்பே தரைக்கு வந்து சேர்ந்திருக்கும்.

ராக்கெட்டின் உடம்பு முழுக்க உணரிகள் இருக்கும். அழுத்தம், வெப்பநிலை, அதிர்வு, பம்பின் வேகம், வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் அளந்து ரேடியோ அலை வழியாகத் தொடர்ந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர் டெலிமெட்ரி. ஸ்ரீஹரிகோட்டா, போர்ட் பிளேர் என்று ராக்கெட் போகும் வழியெல்லாம் இதைப் பிடிக்கும் நிலையங்கள் உண்டு. புருனேயிலும் இந்தோனேசியாவின் பியாக் தீவிலும்கூட இஸ்ரோவுக்கு நிலையம் இருக்கிறது.

தோல்விக்குப் பிறகு அமைக்கப்படும் தோல்வி ஆய்வுக் குழுவுக்கு இந்த எண்கள்தான் மூலதனம். குழுவில் அந்த ராக்கெட்டைச் செய்தவர்கள் மட்டும் இருந்தால் தங்கள் பிள்ளைக்குப் பரிந்துபேசிவிடுவார்கள் என்பதால் வேறு மையங்களின் நிபுணர்களும் ஓய்வு பெற்றவர்களும் உட்காருவார்கள். எஃப்06 குழுவுக்கு இஸ்ரோவின் முன்னாள் தலைவர் ஜி. மாதவன் நாயர் தலைமை தாங்கினார்.

வேலை நடக்கும் முறை ஏறக்குறைய இப்படி: ‘உந்துவிசை வரவில்லை’ என்பது தெரிந்த உண்மை. இது எதனாலெல்லாம் நடக்கலாம்? பற்றவைப்பு நடக்கவில்லை. பற்றியது, எரிபொருள் வரவில்லை. எரிபொருள் வந்தது, ஆக்சிஜன் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே கிளைகள் பிரியும். ஒவ்வொரு கிளைக்கும் டெலிமெட்ரியில் ஒரு தடயம் இருக்க வேண்டும். தடயம் பொருந்தாத கிளையை வெட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும் வெட்டிய பிறகு மிஞ்சுவது காரணம். சில சமயம் ஒன்றுக்கு மேல் மிஞ்சும், அப்போது இரண்டையுமே திருத்த வேண்டும்.

டி3 விழுந்த அன்று மாலையே, ராக்கெட்டைத் திசைதிருப்பும் சிறிய எஞ்சின்கள் பற்றவில்லையோ என்ற ஐயம் சொல்லப்பட்டது. எண்களை உட்கார்ந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. முக்கிய எஞ்சின், சிறிய எஞ்சின்கள் எல்லாமே பற்றியிருக்கின்றன. பற்றிய பிறகு ஹைட்ரஜன் வரத்து நின்றுபோயிருக்கிறது.

ஏன் நின்றது? ஹைட்ரஜன் தொட்டிக்குள்ளேயே ஒரு துணைப் பம்ப் பொருத்தப்பட்டிருக்கும். முக்கியப் பம்புக்குப் போகும் ஹைட்ரஜனைக் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துத் தள்ளிவிடுவது அதன் வேலை. அந்தத் துணைப் பம்ப் ஒழுங்காகத்தான் தொடங்கியது. நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை போனது. பிறகு ஏறக்குறைய ஒன்றரை நொடியில் வேகம் குறைந்து நின்றுவிட்டது. ஆய்வுக் குழு இரண்டு சாத்தியங்களைச் சொன்னது. ஒன்று, கசிவுத் தடுப்பான் இருக்கும் ஓரிடத்தில் சுழலும் பாகம் கவ்விக்கொண்டு இறுகியிருக்கலாம். இன்னொன்று, அழுத்தமும் வெப்ப மாறுபாடும் சேர்ந்து, பம்பைச் சுற்றவைக்கும் டர்பைனின் உறையே பிளந்திருக்கலாம்.

முதல் சாத்தியம் புரிய வேண்டுமென்றால் சமையலறைக்குப் போகலாம். மூடி இறுகிப்போன ஊறுகாய் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் பிடித்தால் மூடி கழன்றுவிடும். கண்ணாடியைவிட உலோக மூடி அதிகமாக விரிவதால் நடுவே இடைவெளி பிறக்கிறது. பம்பில் நடப்பது இதன் தலைகீழ். மைனஸ் 253 டிகிரியில் எல்லாம் சுருங்கும், ஆனால் உறையும் பேரிங்கும் தண்டும் ஒரே அளவில் சுருங்காது. அறை வெப்பநிலையில் சரியாக விட்டிருந்த மயிரிழை இடைவெளி அந்தக் குளிரில் காணாமல் போய்விடும். நிமிடத்துக்கு 34,800 சுற்று சுற்றும் தண்டுக்கு ஓர் உரசலே போதும்.

எஃப்06 கதை இதைவிட எளிமையானது, கேட்டால் எரிச்சலும் வரும். ராக்கெட்டின் மூளையான கணினி உச்சிக்கு அருகில் உபகரணப் பகுதியில் இருக்கிறது. முதல் கட்டத்தில் ராக்கெட்டைத் திருப்பும் எஞ்சின்கள் அடியில் இருக்கின்றன. மூளையிலிருந்து அடிப்பகுதிக்குக் கட்டளை கொண்டுபோகும் ஒயர்கள் நடுவிலுள்ள கிரையோஜெனிக் அடுக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த அடுக்கின் கீழ்ப்பகுதியில் 10 மின் இணைப்பிகள். கீழ் அடுக்கு கழலும்போது, அதாவது 292-ஆவது நொடியில், அவை பிரிய வேண்டும். 47 நொடிகள் முடிந்த கையோடே பிரிந்துவிட்டன. கட்டளை போகும் வழி அறுந்ததும் கணினி என்ன சொன்னாலும் எஞ்சின்களுக்குக் கேட்கவில்லை. எஞ்சினில் குறையில்லை, கணினியில் குறையில்லை, எரிபொருளில் குறையில்லை. பிளக்கும் சாக்கெட்டும் கழன்றதால் ஒரு செயற்கைக்கோளும் ஒரு ராக்கெட்டும் போயின.

திருத்திய மூன்று ஆண்டுகள்

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த மூன்று ஆண்டுகள் இஸ்ரோ சும்மா இருந்ததுபோல் தெரிந்தது. சும்மா இல்லை, பி.எஸ்.எல்.வி. தொடர்ந்து பறந்துகொண்டிருந்தது. ஒரு விண்வெளித் திட்டம் மீளுமா மீளாதா என்பதைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஒரே ஒரு ராக்கெட்டை மட்டும் நம்பியிருக்கும் நாட்டில் அது விழுந்தால், ஆட்சியாளர்களின் பொறுமையும் நிதியும் சேர்ந்தே விழும். இஸ்ரோவுக்கு ஒரு கால் ஊன்றி நிற்க பி.எஸ்.எல்.வி. இருந்தது. மங்கள்யான் 2013 நவம்பர் 5-இல் அதில்தான் கிளம்பியது. நேரே செவ்வாய்க்குத் தள்ளிவிடும் வலு பி.எஸ்.எல்.வி.க்கு இல்லாததால், மங்கள்யான் கிட்டத்தட்ட ஒரு மாதம் பூமியையே சுற்றிச் சுற்றித் தன் பாதையை உயர்த்திக்கொண்டு, டிசம்பர் 1-ஆம் தேதிதான் செவ்வாயை நோக்கிப் புறப்பட்டது. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களோ மறுபடி கூரூவுக்குப் போயின. 2013 ஆகஸ்டில் கடற்படைக்கான ஜிசாட்-7 ஏரியானில்தான் ஏறியது.

ஜி.எஸ்.எல்.வி.யில் நடந்த திருத்தங்களைப் பார்த்தால் ஒன்றுகூடப் பிரமாண்டமாக இருக்காது. துணைப் பம்பின் பேரிங்கும் உறையும் கடுங்குளிரில் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு வடிவமைப்பை மாற்றினார்கள். எஞ்சின் பற்றவைக்கும் வரிசையை மாற்றினார்கள், எது எந்த நேரத்தில் திறக்க வேண்டும், எது எதற்குப் பின்னால் பற்ற வேண்டும் என்று. கிரையோஜெனிக் எஞ்சினைக் காற்றிலிருந்து காக்கும் கீழ் உறையைப் பலப்படுத்தினார்கள். ஒயர்கள் போகும் தடத்தை அதிக விசை தாங்கும்படி செய்தார்கள். ராக்கெட்டின் மீது காற்று எப்படி மோதுகிறது என்பதை முழுவதும் மறுபடி கணக்கிட்டார்கள். பறக்கும்போது அந்த உறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்க ஒரு கேமராவையும் பொருத்தினார்கள். இந்தக் கேமரா எனக்குப் பிடித்த திருத்தம். கணக்கு சரியாக இருக்கும் என்று நம்பிவிடாமல், கண்ணால் பார்த்துவிடுவோம் என்று நினைத்தார்களே.

இன்னொரு முக்கிய விஷயம் வெற்றிடம். மகேந்திரகிரியில் தரையில் எஞ்சினைப் பற்றவைக்கும்போது சுற்றிலும் காற்று இருக்கிறது. ராக்கெட்டில் அது பற்ற வேண்டிய உயரத்தில் காற்று இல்லை. தரையில் பற்றும் எஞ்சின் அங்கே பற்றும் என்று உத்தரவாதம் கிடையாது. அதனால் காற்றை உறிஞ்சி எடுத்து உயர வான நிலைமையை உண்டாக்கும் சோதனை வசதியை மகேந்திரகிரியில் அமைத்து, 2013-இல் அதற்குள் பற்றவைத்துப் பார்த்தார்கள். இந்த வசதி 2010-க்கு முன்பே இருந்திருக்க வேண்டாமா என்று கேட்டால், இருந்திருக்க வேண்டும்தான். சோதனை வசதிக்குச் செலவழிப்பதை மிச்சம் பிடிப்பது பல நாடுகளின் விண்வெளித் துறைகளில் உள்ள பழக்கம். அந்த மிச்சத்தைக் கடல் வாங்கிக்கொள்ளும்.

2013 ஆகஸ்ட் 19

இந்த நாள் வெற்றிப் பட்டியலிலும் இல்லை, தோல்விப் பட்டியலிலும் இல்லை. ஆனால் ஜி.எஸ்.எல்.வி. உண்மையில் மீண்ட நாள் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எல்லாத் திருத்தங்களும் செய்த டி5 ராக்கெட் அன்று மாலை 4.50-க்குக் கிளம்ப வேண்டும். கவுன்ட்டவுன் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்ப 1 மணி 14 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவு தெரிந்தது. மூன்றரை ஆண்டு காத்திருப்பு, நாடே பார்க்கும் நேரலை, ஏற்கெனவே இரண்டு தோல்வி, செவ்வாய்ப் பயணம் வேறு வாசலில். எதையாவது சொல்லி ஏவிவிடும் சபலம் எவருக்கும் வரும். நிறுத்திவிட்டார்கள்.

கசிந்தது கிரையோஜெனிக் அடுக்கு இல்லை. பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்த, யாரும் சந்தேகப்படாத இரண்டாம் அடுக்கு. அதன் தொட்டி அஃப்னர் 7020 என்ற அலுமினியக் கலவையில் செய்தது. தொடர்ந்து இழுவிசையில் இருக்கும்போது அந்தக் கலவை நாளடைவில் அரித்து விரிசல் விடும் தன்மை கொண்டது. இந்த அடுக்குக்கு ஒட்டுப்போடும் பேச்சே எழவில்லை. ராக்கெட்டை ஏவுதளத்திலிருந்து திரும்பக் கொண்டுபோய், ஏ.ஏ. 2219 என்ற வேறு அலுமினியக் கலவையில் தொட்டி செய்த புது இரண்டாம் அடுக்கைப் பொருத்தினார்கள். அடுத்த ராக்கெட்டுகளுக்கும் அதே உலோகம்தான் என்று முடிவானது.

2014 ஜனவரி 5, மாலை 4.18. டி5 கிளம்பியது. ஏறக்குறைய 17 நிமிடங்களில் 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 தன் பாதையில் விடப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன் அப்போது ஜி.எஸ்.எல்.வி. திட்டப் பொறுப்பில் இருந்தார், பின்னாளில் இஸ்ரோவின் தலைவரானார். கிரையோஜெனிக் அடுக்கு செய்யத் தெரிந்த நாடுகளின் சின்னப் பட்டியலில் இந்தியா சேர்ந்தது. ரஷ்யாவிடமிருந்து வாங்கிய 7 அடுக்குகளில் பறந்தது 6 மட்டுமே. அதன் பிறகு எல்லாமே சொந்த அடுக்குதான்.

ஒரு முறை மீண்டால் முடிந்ததா?

இல்லை. 2015 முதல் 2018 வரை ஜி.எஸ்.எல்.வி. ஐந்து முறை வரிசையாக வென்றது. 2021 ஆகஸ்ட் 12 அன்று எஃப்10 பயணத்தில் மறுபடி கிரையோஜெனிக் அடுக்கு பற்றவில்லை. எண்களைப் பார்த்தால் அதே துணைப் பம்ப்தான் ஒழுங்காக ஓடவில்லை என்று தெரிந்தது. 2010-இன் திருத்தம் வீணா என்று கேட்கத் தோன்றும். ஆய்வுக் குழு கிளைகளை வெட்டிக்கொண்டே போய் வேறு இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் தேவையான அளவுக்குக் கீழே இருந்தது. அழுத்தம் குறைந்த தொட்டியிலிருந்து எந்தப் பம்பும் சரியாக இழுக்காது. அழுத்தம் ஏன் குறைந்தது? தொட்டியின் மேல் உள்ள அழுத்தம் வெளியேற்றும் வால்வு கசிந்திருக்கிறது. அதில் உள்ள மென்மையான சீல் சேதமடைந்திருக்கலாம் என்பது முடிவு. 2023 மே 29-இல் எஃப்12 வெற்றிகரமாகப் போனது. 2025 ஜூலை 30 அன்று அமெரிக்காவின் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றதும் இதே ராக்கெட்தான். தொண்ணூறுகளில் இந்த எஞ்சின் கிடைக்கக் கூடாது என்று தடை போட்ட நாட்டின் கருவி, அதே வகை எஞ்சினின் மேல் உட்கார்ந்து போனது.

முதல் எஞ்சினில் பட்ட பாடு அடுத்த எஞ்சினின் வடிவத்திலும் தெரிகிறது. ரஷ்ய வடிவத்தைப் பின்பற்றிய பழைய எஞ்சினில், பம்பைச் சுற்றவைக்கும் வாயுவும் கடைசியில் முக்கிய அறைக்கே போய் எரியும். ஒரு துளிகூட வீணாகாது, ஆனால் எல்லாப் பாகங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஓரிடத்தில் சிக்கல் வந்தால் தனியே பிரித்துச் சோதிப்பது கஷ்டம். சந்திரயான்-3-ஐ ஏற்றிய பெரிய ராக்கெட்டில் உள்ள சி.இ.-20 எஞ்சினுக்கு எளிமையான வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பம்பைச் சுற்றிய வாயு வெளியே போய்விடும். கொஞ்சம் திறன் குறைகிறது, பதிலுக்கு ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சோதிக்க முடிகிறது. 2017 ஜூன் 5-இல் முதன்முதலாக விண்ணுக்குப் போனபோதே அந்த எஞ்சின் வென்றது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இஸ்ரோவின் தோல்வி ஆய்வு அறிக்கைகள் முழுமையாக வெளிவருவது அபூர்வம். பெரும்பாலும் ஓரிரு பக்கச் சுருக்கம்தான் கிடைக்கும். 34,800 சுற்று, 10 இணைப்பிகள் போன்ற விவரங்கள் அந்தச் சுருக்கங்களில் இருந்தவைதான், அவ்வளவுக்கு நன்றி. வரிப்பணத்தில் பறக்கும் ராக்கெட்டின் தோல்வியை மாணவர்கள் பாடமாகப் படிக்கும் அளவுக்கு அறிக்கைகள் வெளிவந்தால், அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள் அதே பிழையிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

இப்போது மகேந்திரகிரியில் நடப்பது இன்னொரு எஞ்சின். எஸ்.இ. 2000 என்று பெயர். திரவ ஆக்சிஜனோடு சுத்திகரித்த மண்ணெண்ணெயை எரிப்பது. 2,000 கிலோநியூட்டன் விசை தர வேண்டும் என்பது இலக்கு. 2023 ஜூலை 1-ஆம் தேதி அதன் முக்கியப் பாகங்களை மட்டும் கோத்து ஒரு சோதனை நடந்தது. திட்டமிட்டது 4.5 நொடி. 1.9 நொடி வரை எல்லாம் எதிர்பார்த்தபடி போனது. இரண்டாவது நொடியில் டர்பைனில் அழுத்தம் திடீரென்று எகிறியதால் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வாரத்தில் சந்திரயான்-3 கிளம்பவிருந்ததால் அந்தச் செய்தியை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. காரணத்தைத் தேடி, திருத்தி, மறுபடி பற்றவைத்தபோது தேதி 2025 மார்ச் 28. இந்த முறை 2.5 நொடி ஓடியது.